நாலாவது வீடு

517501 ஒரு பகா எண். இந்த ஒரு வரியைத் தைரியமாக எழுத எனக்குப் பதினோரு நாள் பிடித்தது.

எண் எனக்குப் புதிதில்லை. திருப்பதித் தலைமைத் தபால் நிலையத்தின் பின்கோடு அது. சித்தூருக்கு 517001. முப்பது வருஷத்துக்கு மேல் தபால் இலாகாவில் இருந்தவன் நான். சார்ட்டிங் பலகைக்கு முன்னால் நின்று அறை அறையாகக் கடிதம் போடும்போது இந்த இரண்டு எண்களையும் எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பேனோ! கண் எண்ணைப் படிக்கும் முன்பே கை அந்த அறைக்குப் போய்விடும். அதை எதனால் வகுக்கலாம் என்று மட்டும் ஒருநாளும் யோசித்ததில்லை.

கேட்டவள் பேத்தி. திருப்பதியில் ஒன்பதாவது படிக்கிறாள். லீவுக்குச் சித்தூர் வந்தவள், கல்யாணப் பத்திரிகை ஒன்றில் விலாசம் எழுதிக்கொண்டிருந்த என்னிடம், "தாத்தா, எங்க ஊர் பின்கோடு பிரைம் நம்பரா?" என்றாள். தெரியவில்லை என்றேன். "இருங்க" என்று செல்போனைத் தட்டினாள். ஒரு நொடி. "பிரைம்தான்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

போன் பொய் சொல்லாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் 'பகா எண்' என்பது ஒரு 'இல்லை'. ஒன்றையும் தன்னையும் தவிர, இதை மீதியில்லாமல் வகுக்கிற எண் எதுவுமே இல்லை என்று பொருள். 'இல்லை' என்ற சொல்லோடு எனக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். அன்று மாலை நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வந்து திண்ணையில் உட்கார்ந்தேன்.

எல்லா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. ஓர் எண் இரண்டு எண்களின் பெருக்கலாக உடையுமானால், அதில் சின்னது அந்த எண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்டாது. 719-ஐ 719-ஆல் பெருக்கினால் 516961. 720-ஐ 720-ஆல் பெருக்கினால் 518400; தாண்டிவிடுகிறது. ஆக 719 வரை பார்த்தால் போதும். அதிலும் பகா எண்களால் மட்டும் வகுத்தால் போதும். 6-ஆல் வகுபடுவது எப்படியும் 2-லேயே அகப்பட்டுவிடும் அல்லவா? பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் 719 வரை எழுதி, இரண்டின் மடங்குகளை அடித்தேன். மூன்றின் மடங்குகளை அடித்தேன். ஐந்து, ஏழு என்று அடித்துக்கொண்டே போனால் கடைசியில் அடிபடாமல் நிற்பவை 128 எண்கள். 128 வகுத்தல். நாளுக்குப் பன்னிரண்டு என்று வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் போனால் என் கண் ஒத்துழைக்காது.

2, 3, 5 பார்வையிலேயே போய்விட்டன. 23-க்கு வந்தபோது மனசு ஒரு தடவை குதித்தது. 23-ஐ 22500-ஆல் பெருக்கினால் 517500. மீதி ஒன்றே ஒன்று. 17-ஆல் வகுத்தபோது மீதி 4, பிறகு 73-லும் 4, 139-லும் 4. இதென்ன, மூன்று பேரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே மீதியா என்று தேடினால், 3, 17, 73, 139 நான்கையும் பெருக்கினால் 517497 வருகிறது. திருப்பதிக்கு நான்கு வீடு முன்னால் இருக்கிற எண். பக்கத்து வீட்டுச் சொந்தங்கள் இங்கே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகின்றன! இதெல்லாம் வகுத்துப் பார்க்கிறவனுக்கு மட்டும் கிடைக்கிற சந்தோஷம். போனில் ஒரு நொடியில் வரும் பதிலில் இது இருக்காது.

311-ல் மூன்று குறைந்தது. 311-ஐ 1664-ஆல் பெருக்கினால் 517504. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சிலிர்த்தது. அது திருமலையின் பின்கோடு.

பதினோராம் நாள் 719-ஆல் வகுத்து, மீதி 540 என்று எழுதிக் கோடு போட்டேன். 128-ல் ஒன்றுகூட மீதியில்லாமல் போகவில்லை. பேத்தி எட்டிப் பார்த்து, "நான் அன்னைக்கே சொன்னேனே தாத்தா" என்றாள். சொன்னாள்தான்.

சித்தூர் எண் இதற்கு நேர்மாறு. 517001-ஐ எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டில் தொடங்கிப் பன்னிரண்டாவது பகா எண் 37. அதிலேயே உடைந்துவிட்டது: 37 பெருக்கல் 13973. அந்த 13973-ம் 89 பெருக்கல் 157 என்று பிரிகிறது. காபி ஆறுவதற்குள் முடிந்த வேலை. சித்தூர் 37, 89, 157 என்ற மூன்று பகா எண்களின் பெருக்கம். ஐந்நூறு தள்ளி நிற்கிற திருப்பதி உடையவே உடையாது.

இங்கேதான் கொஞ்ச நேரம் நோட்டை மூடி வைத்துவிட்டு யோசித்தேன். 517001 உடையும் என்று சொல்ல ஒரே ஒரு சாட்சி, அந்த 37, போதும். யார் வேண்டுமானாலும் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். 517501 உடையாது என்று சொல்ல அப்படி ஒரு சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்த முடியவில்லை. இந்த வழியில் 128 கதவையும் தட்டினால்தான் சொல்லலாம். 127 தட்டிவிட்டு எழுந்திருந்தாலும், 'இன்னும் அகப்படவில்லை' என்று சொல்லலாமே ஒழிய 'இல்லை' என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது.

இனி அந்தப் பாக்கிக் கணக்கு.

பின்கோடு வந்து சில வருஷமே ஆகியிருந்த காலம். 1972 ஆகஸ்ட் 15 அன்று அது நடப்புக்கு வந்தது. மத்திய தகவல் தொடர்பு அமைச்சகத்தில் இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் வகுத்த முறை அது. சமஸ்கிருதக் கவிஞரும்கூட அவர். ஊருக்கு ஊர் ஒரே பெயர், ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வோர் எழுத்து; இந்தக் குழப்பத்தில் வழிதவறும் கடிதங்களுக்காக ஆறு இலக்கம் கொடுத்தார்கள். முதல் இலக்கம் 5 என்றால் ஆந்திரமும் கர்நாடகமும் உள்ள பகுதி. தெலங்கானா பிரிந்த பிறகும் அதே ஐந்துதான். முதல் மூன்றும் சேர்ந்து 517 என்றால் சித்தூர்ப் பக்கம். கடைசி மூன்று எந்தத் தபால் நிலையம் என்று காட்டும். எங்கள் சித்தூர் மாதிரி இடத்துக்கு அது வரப்பிரசாதம். 1911-ல் வட ஆர்க்காட்டிலிருந்து பிரித்து அமைத்த மாவட்டம் இது. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. ஒரே ஆளின் பெயரை மூன்று பேர் மூன்று விதமாக எழுதுவார்கள். எண் மட்டும் யார் எழுதினாலும் எண்தான்.

ஆனால் எண் கடிதத்தைத் தபால் நிலையம் வரைக்கும்தான் கொண்டுவந்து சேர்க்கும். அதற்குப் பிறகு தபால்காரனின் கால்தான். அப்போது நான் சின்ன ஊர் ஒன்றில் வீடு வீடாகத் தபால் கொடுக்கும் பீட் பார்த்துக்கொண்டிருந்தேன். பம்பாயிலிருந்து ஒரு மணியார்டர் வந்தது. ஒரு பெண்ணின் பெயர், தெருவின் பெயர். வீட்டு எண் கிடையாது. சித்திரை வெயில். அந்தத் தெருவில் முதல் வீட்டில் கேட்டேன், அப்படி யாரும் இல்லை என்றார்கள். இரண்டாவது வீட்டிலும் அதே பதில். மூன்றாவது வீட்டில் ஒரு பெரியவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "இந்தத் தெருவுலயே அந்தப் பேர்ல யாரும் கிடையாதுப்பா" என்று உறுதியாகச் சொன்னார். நான் தெருவை விட்டு வெளியே வந்தேன். 'இந்த முகவரியில் இப்படி ஒருவர் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மணியார்டர் திரும்பிப் போயிற்று.

கொஞ்ச நாள் கழித்து, முழங்கை வரை சட்டையை மடித்துவிட்ட ஒரு வாலிபன் தபால் நிலையத்துக்கு வந்தான். பம்பாயில் ஓட்டல் ஒன்றில் வேலை. பணம் திரும்பி வந்ததும், குறிப்பைப் பார்த்து, அம்மா போய்விட்டாள் என்றே நினைத்துவிட்டான். முதலாளியிடம் கடன் வாங்கிக்கொண்டு ரயில் ஏறி, வழியெல்லாம் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறான். ஊருக்குள் நுழைந்தால், அம்மா வழக்கம்போலத் திண்ணையோரத்தில் ஆப்பம் சுட்டுக்கொண்டிருக்கிறாள். நாலாவது வீடு.

அந்த அம்மாவை எனக்கும் தெரியும். அவள் கையால் ஆப்பம் வாங்கித் தின்றிருக்கிறேன். ஊருக்கே அவள் 'ஆப்பக்காரம்மா'. மணியார்டர் பாரத்தில் இருந்த பெயர் அவளுடையதுதான் என்று அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. ஒருவரும் அவளைக் கேட்டதில்லை.

அவன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். திரும்பி வந்த தாளை மேஜைமேல் வைத்து, என் கையெழுத்தின்மேல் விரலை வைத்து, "நாலாவது வீட்டுல கேட்டீங்களா சார்?" என்றான். இல்லை என்றேன். அந்த 'இல்லை' உண்மை. தாளில் நான் எழுதியிருந்த 'இல்லை' உண்மையில்லை. மூன்று வீட்டில் கேட்டேன், தெரியவில்லை என்கிறார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதைத்தான் எழுதியிருக்க வேண்டும். நான் எழுதியதோ உயிரோடு இருக்கிற ஒருத்தியை இல்லை என்று.

இது நடந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இதற்காக என்மேல் நடவடிக்கை எதுவும் இல்லை. அவனும் மறுபடி பணம் அனுப்பினான், நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆனாலும் அதற்குப் பிறகு திரும்பிப் போகிற எந்தக் கடிதத்திலும், எத்தனை வீடு கேட்டேன் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதாமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. விதியில் அப்படி ஒன்றும் கிடையாது. நானாக வைத்துக்கொண்டது.

இப்போது கணக்கில் இன்னொரு வழியைச் சொல்ல வேண்டும். 128 வகுத்தலை முடித்த பிறகும் எனக்கு ஒரு சந்தேகம். எழுபது வயதுக்காரன் போட்ட கணக்கு. எங்காவது கழித்தலில் சறுக்கியிருந்தால்? வேறு பாதையில் போய் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தால்தான் நிம்மதி.

அந்தப் பாதையைக் காட்டியவர் ஃபெர்மா என்ற கணித மேதை. 1640-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் மெர்சென் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் அவர் ஒன்றைச் சொன்னார்: நான்கால் வகுத்தால் ஒன்று மீதி வருகிற பகா எண் ஒவ்வொன்றும் இரண்டு வர்க்கங்களின் கூட்டாக வரும், அதுவும் ஒரே ஒரு வழியில் வரும். 5 என்றால் 1-ம் 4-ம். 13 என்றால் 4-ம் 9-ம். நிரூபணத்தை அவர் எழுதி வைக்கவில்லை. நூறு வருஷத்துக்குப் பிறகு ஆய்லர் என்ற இன்னொரு மேதை நிரூபித்தார். அதைத் திருப்பிப் போட்டு ஒரு சோதனையும் செய்துகொடுத்தார்: நான்கால் வகுத்தால் ஒன்று மீதி வருகிற ஓர் எண், பொதுக் காரணி இல்லாத இரண்டு வர்க்கங்களின் கூட்டாக ஒரே வழியில் மட்டும் வந்தால் அது பகா எண். ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் வந்தால் உடைகிற எண்.

நம் ராமானுஜன், சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது 1913 ஜனவரி 16-ஆம் தேதியிட்டுக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்திலும் இந்த இரு வர்க்க எண்கள் வருகின்றன. அவை எவ்வளவு நெருக்கமாக அமைந்திருக்கும் என்பதற்கு 0.764 என்று தொடங்கும் ஒரு மாறிலியோடு விடை சொல்லியிருந்தார். 1908-லேயே லாண்டாவ் என்பவர் நிரூபித்திருந்த விஷயம் அது என்பது அவருக்குத் தெரியாது. இன்று அந்த மாறிலிக்கு லாண்டாவ், ராமானுஜன் இருவர் பெயரும் சேர்ந்தே இருக்கிறது. 1640-லும் சரி, 1913-லும் சரி, இந்தக் கணக்கு பயணம் போனது கடிதத்தில்தான் என்பது என்னைப் போன்றவனுக்குப் பெருமையாக இருக்கிறது.

517501-ஐ நான்கால் வகுத்தால் மீதி ஒன்று. சோதனை பொருந்தும். 25-ஆல் வகுத்தாலும் மீதி ஒன்றுதான். அதனால் தேடவேண்டிய இரண்டு எண்களில் ஒன்று 5-இன் மடங்காக இருந்தே ஆகவேண்டும். மற்றது 25-இன் மடங்குக்கு ஒன்று முன்னாலோ ஒன்று பின்னாலோ நிற்கவேண்டும். 1, 24, 26, 49, 51 என்று 719-க்குள் எழுதினால் மொத்தம் 57 எண்கள். 128 கதவு 57 ஆகக் குறைந்தது. ஒவ்வொன்றையும் வர்க்கம் எடுத்து, 517501-லிருந்து கழித்து, மிச்சம் ஒரு முழு வர்க்கமா என்று பார்க்க வேண்டும்.

பத்து பார்த்தேன், ஒன்றுமில்லை. இருபது, முப்பது, நாற்பது. ஐம்பதைத் தாண்டியபோது பேனாவை வைத்துவிட்டேன். எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கிறோம், இதற்கு விடையே இல்லை என்று மனசு சொல்லிற்று. அந்தச் சித்திரை வெயிலில் மூன்றாவது வீட்டு வாசலில் சொன்ன அதே மனசு. மறுநாள் காலையில் எஞ்சியதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐம்பத்தைந்தாவது வரை ஒன்றும் கிடையாது. ஐம்பத்தாறாவது எண் 699. அதன் வர்க்கம் 488601. கழித்தால் 28900. அது 170-இன் வர்க்கம்.

ஐம்பத்தேழில் ஐம்பத்தாறாவது! எழுந்து நின்றுவிட்டேன். பிறகு நினைவு வந்து உட்கார்ந்து, ஐம்பத்தேழாவதையும் பார்த்தேன். ஒரே வழி மட்டும்தானா என்று தெரிய வேண்டுமே. 701-க்கு மிச்சம் 26100, அது வர்க்கமில்லை. ஆக ஒரே வழி. 170, 699. திருப்பதி எண் பகா எண்தான். இரண்டாவது பாதையும் அங்கேயே வந்து சேர்ந்தது.

சித்தூர் எண்ணுக்கும் அதே 57 எண்கள்தான். அங்கே நான்கு கதவு திறக்கிறது. 76-ம் 715-ம், 451-ம் 560-ம், 676-ம் 245-ம், 701-ம் 160-ம். எந்த ஜோடியை வர்க்கம் எடுத்துக் கூட்டினாலும் 517001. ஏன் நான்கு என்றால், 37, 89, 157 மூன்றுமே நான்கால் வகுத்தால் ஒன்று மீதி வரும் பகா எண்கள். இப்படிப்பட்ட எண்களைப் பெருக்கினால் வருவதும் இரு வர்க்கக் கூட்டாகவே இருக்கும். அந்தச் சேர்க்கை முறை 628-லேயே பிரம்மகுப்தர் எழுதிய நூலில் இருக்கிறது. இப்படி மூன்று வெவ்வேறு பகா எண்கள் சேரும்போது நான்கு வழி. பேத்தியிடம் இதைக் காட்டியபோது அவள் போனை எடுக்கவில்லை. 451-ஐ அவளே நோட்டில் பெருக்கினாள்.

திருமலையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கேட்பீர்கள். 517504-ஐ இரண்டால் வகுத்துக்கொண்டே போனால் சரியாக ஏழு தடவை பாதியாகிறது; பிறகு 4043 என்று ஒற்றைப்படையில் நின்றுவிடுகிறது. ஏழுமலையானின் ஊருக்கு ஏழு பாதி! எனக்கு முதலில் கண் கலங்கியது நிஜம். நான் தினமும் பெருமாளைக் கும்பிடுகிறவன். ஆனால் இதை அற்புதம் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். தபாலைப் பிரிக்கிற வசதிக்காக வைத்த இலக்கங்கள் இவை. என் கண்ணுக்குப் பிடித்த ஒன்று அகப்பட்டதும், பிடிக்காத மற்றதையெல்லாம் பார்க்காமல் விட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுவது, மூன்று வீட்டோடு நிறுத்திக்கொண்ட தப்பின் மறுபக்கம். 4043 என்பது 13 பெருக்கல் 311; அதற்கு நான் என்ன புராணம் சொல்வது? பெருமாளுக்கு என் வகுத்தல் சாட்சி தேவையில்லை. ஏழு தடவை பாதியாகிறது என்பது அழகு. அந்த அழகு எனக்குப் போதும்.

மூன்று வீட்டோடு நிறுத்திக்கொள்கிற அந்தத் தப்பு எங்கள் வீட்டிலேயே ஒருமுறை நடந்தது. என் தங்கைக்கு ஒன்பது வயதில் இரண்டு பரீட்சை சரியாகப் போகவில்லை. 'இவளுக்குக் கணக்கு வராது' என்று வாத்தியார் ஒருவர் சொன்னார். அப்பா பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார். பிற்பாடு அதே தங்கை தெருப் பெண்கள் பதினெட்டுப் பேரின் சீட்டுக் கணக்கை ஒரு தாளும் இல்லாமல் மனசில் வைத்திருந்தாள். ஒரு பைசா பிசகினதில்லை. இரண்டே கதவைத் தட்டிவிட்டு ஒரு குழந்தையின் வாழ்நாள் முழுவதற்கும் 'இல்லை' எழுதினார்கள். இன்றைக்கும் எழுதுகிறார்கள். வரன் அமையாது என்று ஒரு ஜாதகத்தைப் பார்த்து எழுதுகிறார்கள். உங்கள் பையனுக்கு இது ஏறாது என்று ஒரு மார்க் ஷீட்டைப் பார்த்து எழுதுகிறார்கள். இவர்களிடம் எனக்குக் கோபம் இருக்கிறது. அந்தக் கோபத்தின் பெரிய பங்கு என் மேலேயே என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமாகிவிட்டது. சித்தூரும் திருப்பதியும் இப்போது இரண்டு கலெக்டர்களின் கீழ். பின்கோடு மட்டும் மாறவில்லை; இரண்டுக்கும் இன்னும் அதே 517. பேத்தி லீவு முடிந்து ஊருக்குப் போகும்போது நோட்டை எடுத்துக்கொண்டு போனாள். தன் சிநேகிதிகளின் ஊர்ப் பின்கோடுகளை அதில் எழுதி வைத்திருக்கிறாளாம்.

நீங்களும் உங்கள் ஊர் எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு இரண்டிலிருந்து ஆரம்பித்துப் பாருங்கள். நடுவில் அடுப்பைப் பார்க்கவோ ஆளைப் பார்க்கவோ எழுந்திருக்க வேண்டிவந்தால், 'வகுபடாது' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். '101 வரை பார்த்தாயிற்று' என்று எழுதி, தேதி போட்டு வைத்துவிட்டு எழுந்திருங்கள்.